உள்ளே ஒருவர்

பதினேழாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். 1988, மார்கழி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. போலகத்தில் பஸ் ஏறிக் காரைக்காலில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பழக்கதோஷத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டேன். கடைக்காரர் மீசை எடுத்த என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு டீயை மட்டும் கொண்டுவந்து வைத்தார். நல்ல மனுஷன். அதையும் குடிக்க முடியாமல் வைத்துவிட்டு நடந்தேன்.

எங்கள் அலுவலகம் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு. இரண்டு ஆள் உயரத்துக்குக் கதவுகள், கடல் காற்றில் உப்புப் பூத்த சுவர்கள். பின்கட்டில் சன்னல்களைப் பலகை அடித்து மூடி, ஏ.சி. பொருத்தி, அந்த அறையில் கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். பீரோ அளவுக்கு ஒரு மெஷின். அதிலிருந்து வயர் இழுத்து நான்கு டெர்மினல்கள். என் மேசையில் தனியாக ஒரு திரை, அதற்குக் கன்சோல் என்று பெயர். பட்டப்பகலிலும் அந்த அறைக்குள் வந்தால் விளக்கு வைக்கும் நேரம் போலத்தான் இருக்கும்.

என் பெயர் சுப்ராயன். மெட்ராஸில் மூன்று வாரம் பயிற்சி கொடுத்து, இனி இந்த மெஷின் உன் பொறுப்பு என்று அனுப்பி வைத்தார்கள். ஊரிலேயே இது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

வேலை இதுதான். பிரெஞ்சு ஆட்சியில் எழுதி வைத்த பிறப்பு இறப்புப் பதிவேடுகளை, எத்தா சிவில் என்பார்கள், ஒரு தனியார் கம்பெனி கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தது. நான்கு பெண்கள் பக்கம் பக்கமாகப் பார்த்து அடிப்பார்கள். அடிப்பதெல்லாம் டேட்டாபேஸில் போய்ச் சேரும். காலையில் கட்டளை அடித்து அதைத் திறப்பதும், சாயங்காலம் கட்டளை அடித்து மூடுவதும் என் வேலை.

திறக்க ஒரே வழிதான், 'டிபி ஸ்டார்ட்'. மூடுவதற்கு இரண்டு வழி உண்டு. 'டிபி ஸ்டாப்' என்று அடிப்பது மரியாதையான வழி. உள்ளே இருப்பவர்கள் வேலையை முடித்து, சேமித்து, வெளியேறும்வரை அது காத்திருக்கும். யாராவது மிச்சம் இருந்தால் எத்தனை பேர் என்று சொல்லும். கடைசியில் 'ஃபோர்ஸ்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் யாருக்காகவும் காத்திருக்காது. எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திவிடும். சேமிக்காமல் பாதியில் நின்றது எதுவோ, அது இருந்த சுவடே இருக்காது.

எங்களுக்குத் தினமும் நாலு மணிக்குக் கரண்ட் போகும். யு.பி.எஸ். பேட்டரி பத்து நிமிஷம்தான் தாங்கும். டேட்டாபேஸ் திறந்திருக்கும்போது மெஷின் அணைந்தால் எல்லாம் கெட்டுப்போகும். ஒருமுறை அப்படி ஆகி, இரண்டு வாரத்து வேலையைத் திரும்ப அடித்தோம். அதனால் மூன்றே முக்காலுக்கு நான் எழுந்து நின்று குரல் கொடுப்பேன். ஒவ்வொருவராக முடித்து வெளியேறுவார்கள்.

நான்காம் டெர்மினலில் உட்கார்ந்தவள் என் மனைவி அஞ்சுகம். மெஷினுக்குள் நுழைய அவளுக்கு நான் உண்டாக்கிக் கொடுத்த பெயர் அஞ்சு.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். எவ்வளவு கோணல் கையெழுத்தையும் படித்துவிடுவாள். ஆனால் ஒற்றை விரலால்தான் அடிப்பாள். ஆமை என்று கேலி செய்வேன். வேகமாக அடிக்கிறவர்களின் தப்பையெல்லாம் இந்த ஆமைதானே திருத்துகிறது என்பாள். அது உண்மை. அவள் அடித்ததில் ஒரு பிழை நான் பார்த்ததில்லை.

அந்த ஆவணியில் எங்களுக்குப் பெண் பிறந்தது. பதினோரு நாள் இருந்தது.

எங்கள் வீட்டில் பதினாறாம் நாள்தான் தொட்டிலிட்டுப் பேர் வைப்பது. ஆகவே பேர் இல்லாமலேயே போய்விட்டது. வாய்க்கால் ஓரம் புதைத்துவிட்டு வந்தோம். என் அத்தை காசியம்மா அஞ்சுகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, இனி எந்தப் பேரையும் சொல்லி அழக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். "பேரு வச்சா கூப்பிடத் தோணும்மா. வேண்டாம்," என்றாள். முனிசிபாலிட்டியில் பதியவும் இல்லை. அது பிறந்ததற்கும் போனதற்கும் எங்கேயும் ஒரு வரி கிடையாது.

இரண்டு மாதம் கழித்து அஞ்சுகம் வேலைக்கு வந்தபோது அவள் கைக்கு வந்தது 1893ஆம் வருஷத்துப் பதிவேடு. ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள், பட்டினச்சேரியில் நாலு மணி நேரம் மட்டும் உயிரோடு இருந்த ஒரு பிள்ளைக்குக்கூட அதில் பேர் எழுதியிருக்கிறதாம். அப்பா பேர், அம்மா பேர், பிறந்த நேரம் எல்லாம் இருக்கிறதாம். பிறகு "நம்ம புள்ளைக்கும் ஒரு வரி போட்டுடட்டுமாங்க?" என்று கேட்டாள்.

அது கம்பெனிச் சொத்து, பழைய பதிவுக்குள் புதிதாக ஒன்றைச் சேர்க்கக் கூடாது என்றேன். சரியான காரணம்தான், ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. அந்த ஒரு வரியைத் திரையில் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

கார்த்திகை மாதம் ஒருநாள், மூன்றே முக்காலுக்குக் குரல் கொடுத்தேன். மூன்று பேர் வெளியேறினார்கள். இன்னும் ஒருவர் உள்ளே என்று வந்தது. என்ன அடித்துக்கொண்டிருக்கிறாள் என்று கன்சோலில் பார்த்தேன். திறந்திருந்த பதிவில் வருஷம் 1988 என்று இருந்தது.

"ரெண்டு நிமிஷம்," என்றாள், திரும்பாமல்.

நாலு மணி ஆக இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. நேரம் இருந்தது. இருந்தும் ஃபோர்ஸ் என்று சேர்த்து அடித்தேன்.

அவள் திரை வெறுமையாயிற்று. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "பேரு மட்டும்தான் பாக்கி இருந்துச்சு," என்றாள். அன்று ராத்திரி காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. அந்த ஆறு நாளில் எத்தனையோ பேசினோம். என்ன பேர் வைக்க இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாவத்துக்கு எனக்கு மன்னிப்பு கிடையாது.

அவள் போன பதினேழாம் நாள் நான் அறைக்குள் போனபோது நான்காம் டெர்மினலைத் துணி உறை போட்டு மூடி, வயரைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். மூன்றாம் டெர்மினலில் இருக்கும் கமர் நிஷா எழுந்து நின்றாள். அஞ்சுகத்தை அக்கா அக்கா என்று சுற்றி வந்த பெண். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றே முக்காலுக்குக் குரல் கொடுத்தேன். மூவரும் வெளியேறினார்கள். 'டிபி ஸ்டாப்' அடித்தேன்.

இன்னும் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று வந்தது.

யாரோ சரியாக வெளியேறவில்லை என்று நினைத்தேன். யார் என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்தேன். ஒரே வரியில் பதில் வந்தது.

அஞ்சு. நான்காம் டெர்மினல்.

திரும்பிப் பார்த்தேன். துணி உறை அப்படியே இருந்தது. வயர் சுவரோரம் சுருண்டு கிடந்தது. ஏ.சி.யின் உறுமலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது.

டக்.

நீண்ட இடைவெளி.

டக்.

ஒற்றை விரல்.

என் கை தானாகவே ஃபோர்ஸ் அடித்தது. சத்தம் நின்றது. வெளியே ஓடிவந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். கமர் நிஷா மட்டும் போகவில்லை. தனக்கும் கேட்டது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது.

மறுநாள் உறையைத் தூக்கிப் பார்ப்பதென்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். எல்லோரையும் முன்கட்டுக்கு அனுப்பிவிட்டு டிபி ஸ்டாப் கொடுத்தேன். ஒருவர் உள்ளே. நான்காம் டெர்மினலுக்கு அருகில் போனதும் ஒரு வாசனை வந்தது. சுட்ட வசம்பு. பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டு வாசனை.

உறையைத் தூக்கினேன். மின்சாரமே இல்லாத திரையில் பச்சை எழுத்துகள் எரிந்துகொண்டிருந்தன.

பிறப்புப் பதிவு. வருஷம், 1988. ஊர், போலகம். தாய், அஞ்சுகம். தகப்பன் என்ற இடத்தில் என் பெயர் ஒவ்வோர் எழுத்தாக வந்துகொண்டிருந்தது. கீபோர்டில் எந்த விசையும் அசையவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. என் பெயர் முடிந்ததும் கர்சர் கடைசிக் கட்டத்துக்கு இறங்கி மினுக்கியது. பிள்ளையின் பெயர்.

பயம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அஞ்சு என்றேன். திரை மினுக்கிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. பேரை அடித்துவிடுவாள். சேமித்துவிடுவாள். முடிந்ததும் எல்லோரையும் போல வெளியேறிவிடுவாள். அப்புறம் எதற்காக வருவாள்?

ஓடிப்போய் ஃபோர்ஸ் அடித்தேன்.

மறுநாள் வந்தாள். முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.

அப்படி இருபத்திரண்டு நாள். என்னைப் போல ஒரு ஈனப்பிறவி இருக்க முடியாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், நான் சந்தோஷமாக இருந்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மூன்றரைக்கே மற்றவர்களை முன்கட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து நான்காம் டெர்மினல் பக்கத்தில் போட்டுக்கொள்வேன். கூரையில் ஒழுகுவதை, அத்தைக்கு முட்டி வலிப்பதை, எல்லாம் அவளிடம் சொல்வேன். என் பெயரின் கடைசி எழுத்து விழுந்ததும் எழுந்துபோய் அவளை வெளியே தள்ளுவேன். நாளைக்கு வருவாள் என்ற நிம்மதியோடு பஸ் ஏறுவேன்.

பிறகு மெல்ல மெல்ல அது மாறியது.

விரல் சத்தங்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே மூச்சு வாங்குவது கேட்டது. வசம்பு வாசனை போய் ஆஸ்பத்திரி வார்டின் வாசனை வந்தது. ஒருநாள் போலகம் என்பதில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தாள். அழித்தாள். மறுபடியும் தப்பாக அடித்தாள். பிழையே இல்லாமல் அடிக்கிறவள்.

அப்போதும் நான் நிறுத்தவில்லை.

இருபத்திரண்டாம் நாள் ஃபோர்ஸ் அடித்ததும் வழக்கம்போல எல்லாம் அணைந்தது. டேட்டாபேஸ் மூடியாயிற்று என்று கன்சோல் சொன்னது. அதற்குக் கீழே நான் எதுவும் அடிக்கவில்லை.

எழுத்துகள் வந்தன. ஆங்கில எழுத்தில், தமிழில்.

ரெண்டு நிமிஷம்.

கதவருகே யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. கமர் நிஷா நின்றிருந்தாள். எத்தனை நாளாக அங்கே நின்று பார்க்கிறாள் என்று தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கிட்டே வந்து கன்சோலைப் படித்தாள்.

"அக்கா முடிக்கட்டும்ணே," என்றாள் மெதுவாக.

"முடிச்சா போயிடுவாம்மா."

"போகத்தானேண்ணே தெனம் வர்றாங்க."

அன்று வீட்டுக்குப் போய் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மூன்றே முக்கால். மரியாதையான கட்டளையைக் கொடுத்தேன். ஒருவர் உள்ளே. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நான்காம் டெர்மினல் முன் நின்றேன். கமர் நிஷா சுவரோடு ஒட்டி நின்று உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

மூன்று ஐம்பத்தைந்துக்குத்தான் ஊர் பெயர் முடிந்தது. தாயின் பெயரில் இருந்தபோது நாலு மணி ஆனது. கரண்ட் போயிற்று. ஏ.சி. நின்றது. அறை இருட்டியது. யு.பி.எஸ். கூவத் தொடங்கியது.

பத்து நிமிஷம்.

என் பெயரை அவள் அடித்து முடித்தபோது ஆறு நிமிஷம் போயிருந்தது. கர்சர் கடைசிக் கட்டத்தில் நின்றது. நிற்கிறது. நிற்கிறது. பேட்டரியின் கூவல் நெருக்கமாயிற்று. அஞ்சு, அடி, என்றேன். நான் காத்திருக்கிறேன், அடி.

சி.

எச்.

ஈ.

எல். எல். ஏ. அதற்கு மேல் எனக்குப் பார்வை மறைத்தது. கமர் நிஷாதான் வாய்விட்டுப் படித்தாள். செல்லக்கண்ணு.

பிறகு ஒரு விசை, மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமாக. பதிவு சேமிக்கப்பட்டது என்று வந்தது. நாற்காலி பின்னால் நகரும் சத்தம். என் இடது தோள்பட்டைக்கு அருகில் காற்று ஒருமுறை அசைந்தது. பச்சைத் திரை தானாக அணைந்தது. கன்சோலில், உள்ளே யாரும் இல்லை, டேட்டாபேஸ் மூடியாயிற்று என்று வந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை திறந்து பார்த்தேன். அந்த வரி இருந்தது. ஒரு பிழையும் இல்லை. இறந்த தேதி என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

மூன்றே முக்காலுக்கு டிபி ஸ்டாப் கொடுத்தேன். உடனே மூடிக்கொண்டது. அதற்கடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். ஒருவரும் இல்லை, ஒருவரும் இல்லை. அந்தப் பதிலைப் படிப்பது அவளைச் சுடுகாட்டுக்கு அனுப்பியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தை மாதம் கடைசியில் ஒருநாள், இன்னும் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று வந்தது.

சந்தோஷத்தில் நாற்காலி கீழே விழ எழுந்தேன். யார் என்று கேட்டேன்.

செல்லக்கண்ணு. நான்காம் டெர்மினல்.

உள்ளே நுழையும் பெயர்களை உண்டாக்க என் ஒருவனால்தான் முடியும். நான் அப்படி ஒரு பெயரை உண்டாக்கவில்லை. உறையைத் தூக்கினேன். திரை முழுக்க அர்த்தமில்லாத எழுத்துகள். பத்துப் பதினைந்து ஒரே நேரத்தில் விழுந்தன. கொஞ்சம் நின்று மறுபடி விழுந்தன. விரலால் அடிப்பதில்லை அது. உள்ளங்கையால் தட்டுவது.

வசம்பு வாசனை அடித்தது. அஞ்சுகம் எங்கும் இல்லை. பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

கமர் நிஷா அந்த வாரமே வேலையை விட்டாள். என் காலைத் தொடாத குறையாக, அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பிவிடுங்கள் அண்ணே, பிள்ளையும் நிம்மதியாகப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டாள். தேதி எனக்கு நன்றாகத் தெரியும். பல நாள் அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்த அப்பன் தன் கையால் அதை அடிப்பான்?

செல்லக்கண்ணு தினமும் மூன்றே முக்காலுக்கு வந்துவிடுகிறாள். நான் காத்திருக்கிறேன். தட்டித் தட்டி ஓய்ந்து, தூங்கிவிடுவாள்போல, டேட்டாபேஸ் தானாக மூடிக்கொள்ளும். சித்திரையில் தட்டுவது குறைந்தது. ஆனியில் ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடி அழுத்தத் தொடங்கினாள்.

இப்போது ஆவணி. அவளுக்கு ஒரு வயது. பதிவேடுகள் எல்லாம் ஏற்றி முடிந்துவிட்டன. தகவல்களை எடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை மெஷினைக் கழற்ற ஆள் வருகிறான் என்று நேற்று மெட்ராஸிலிருந்து போன் வந்தது. கடைசியாக ஒருமுறை மூடி வைக்கச் சொன்னார்கள். மூட மறுக்கிறது என்று எப்போதோ நான் எழுதியதை நினைவில் வைத்திருந்து, ஃபோர்ஸ் கொடுத்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது என்றார்கள். சரி என்றேன்.

இன்று செவ்வாய். உறையைத் தூக்கியபோது திரையில் ஒரே ஓர் எழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் கர்சர் சும்மா மினுக்கிக்கொண்டிருந்தது. எதற்கோ காத்திருப்பது போலத் தெரிந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, உயிரில்லாத அந்தக் கீபோர்டில் அதே விசையை நான் ஒருமுறை அழுத்தினேன். திரையில் என் எழுத்தும் விழுந்தது.

டக்.

அவள் திருப்பி அழுத்தினாள். நான் வேறொரு விசையை அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தேடிக் கண்டுபிடித்து அதையும் அழுத்தினாள். நாலு மணிக்குக் கரண்ட் போகும்வரை இருவரும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தோம். இன்று பேட்டரி தீரப் போகும்வரை அவளுக்குத் தூக்கம் வரவில்லை, நானும் ஃபோர்ஸ் அடிக்கவில்லை.